இல்மரினன்: காற்றிலிருந்து கொல்லுலைக்கு

கலேவலாவைப் புரட்டியவர்களுக்கு இல்மரினனைத் தெரிந்திருக்கும். பின்லாந்தின் அந்தத் தேசியக் காவியத்தில் அவன் கொல்லன். கரிமேட்டில் பிறந்தவன், பிறக்கும்போதே கையில் செப்புச் சம்மட்டி இருந்ததாம். ஒரு பக்கம் மாவு, ஒரு பக்கம் உப்பு, இன்னொரு பக்கம் பணம் என்று ஓயாமல் அரைத்துக் கொட்டும் சம்போ என்ற மாய ஆலையைச் செய்தவன். மனைவியைப் பறிகொடுத்த பிறகு பொன்னிலேயே ஒருத்தியை அடித்து உருவாக்கினான். இரவில் அவளைப் பக்கத்தில் கிடத்திக்கொண்டால் அவள் பக்கம் இருந்த விலா மட்டும் விறைத்துப் போயிற்று.

இத்தனை வேலை செய்த கொல்லனின் பெயரில் கொல்லர் தொழிலுக்கு இடமே இல்லை. பின்னிய மொழியில் கொல்லன் 'செப்பா', பாட்டு வழக்கில் 'செப்போ'. இரும்பு 'ரௌத்தா'. சம்மட்டி 'வசரா'. இவற்றில் எதுவும் அவன் பெயருக்குள் வரவில்லை. வந்திருப்பது 'இல்மா'. அதற்குப் பொருள் காற்று, வானிலை. இரும்படிப்பவனுக்குக் காற்றின் பெயரை யார் வைத்தார்கள், எதற்காக வைத்தார்கள் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

முதலில் பெயரின் எழுத்தைப் பார்த்துவிடலாம். பின்னியத்தில் அவன் 'இல்மரினென்'. 1994-இல் ஹெல்சிங்கியிலிருந்து வெளிவந்த கலேவலாவின் தமிழ் மொழிபெயர்ப்பில், ஈழத்து எழுத்தாளர் ஆர். சிவலிங்கம் (உதயணன்) 'இல்மரினன்' என்று எழுதினார். மூலத்தின் கடைசி 'னென்' தமிழின் ஆண்பால் ஈறாகிய 'அன்' ஏற்று 'னன்' ஆகிவிட்டது. அந்த வடிவமே தமிழ் வாசகருக்குப் பழகியது என்பதால் இங்கும் அதையே வைத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: பின்னியத்தில் 'னென்' ஆண்பால் ஈறு கிடையாது. பெயரோடு சேரும் பொதுவான விகுதி அது. சிறுமையும் செல்லமும் சார்பும் காட்டும். இன்று விர்த்தனென், கொர்ஹோனென் என்று பின்லாந்தில் எங்கு திரும்பினாலும் காதில் விழும் குடும்பப் பெயர்களின் வாலும் அதுதான். அதை நீக்கினால் மிஞ்சுவது 'இல்மரி'. அதிலிருந்து 'ரி' என்ற விகுதியையும் கழற்றினால் 'இல்மா'.

இந்த இடத்தில் தமிழ்க் காதுக்கு ஒரு சபலம் வரும். இல்-மாரி என்று பிரித்துப் பார்த்தால் மழை கொட்டுகிறதே! வானிலைத் தெய்வத்தின் பெயரில் மாரி இருந்தால் எத்தனை பொருத்தம்! அப்படிப் பிரிக்க முடியாது. பின்னியத்தில் வெட்டு விழும் இடம் 'இல்மா'வுக்கும் 'ரி'க்கும் நடுவில். 'மரி' என்ற துண்டு அங்கே இல்லவே இல்லை. தமிழையும் பின்னியத்தையும் ஒரே கூட்டில் அடைக்கும் ஆசை பழையது. 1856-இல் வெளியான ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் திராவிட மொழிகளைப் பின்னியம் உள்ளிட்ட 'சித்தியக்' குடும்பத்தோடு இணைத்துப் பார்த்தார். இரண்டு மொழிகளிலும் வேர்ச்சொல்லின் மேல் விகுதிகள் வரிசையாக ஒட்டிக்கொண்டே போகும் என்பது உண்மை. அந்த ஒற்றுமையை உறவுக்குச் சான்றாக இன்றைய மொழியியல் ஏற்பதில்லை. பின்னியத்தின் சொந்தக்காரர்களை யூரல் மலைக்கு இரு பக்கமும்தான் தேட வேண்டும்.

இல்மாவின் குடும்பம்

இன்றைய பின்னியத்தில் 'இல்மா' ஓயாமல் உழைக்கும் சொல். மூச்சுக் காற்று இல்மா. வெளியே நல்ல வானிலையா என்று கேட்பதும் இல்மா. தட்பவெப்பம் 'இல்மஸ்தோ', பலூன் 'இல்மபல்லோ', விமானப் படை 'இல்மவொய்மத்'. காசு வாங்காமல் கொடுப்பது 'இல்மய்னென்'. காற்றைப் போல விலையில்லாதது என்று கொள்ளலாம். 'மா' என்றால் நிலம். நிலத்தையும் காற்றையும் சேர்த்த 'மாஇல்மா'தான் உலகம். எஸ்தோனிய மொழியிலும் உலகம் 'மாஇல்ம்'.

இன்னொரு கிளை வேறு பக்கம் ஓடுகிறது. 'இல்மி' என்றால் வெளிச்சத்துக்கு வந்த நிலை. 'இல்மொய்த்தா' என்றால் அறிவி. 'இல்மெஸ்த்யு' என்றால் தோன்று. பைபிளின் கடைசி நூல் பின்னியத்தில் 'இல்மெஸ்துஸ்கிர்யா'. தமிழில் வெளிப்படுத்தின விசேஷம். காற்றுக்கும் அறிவிப்புக்கும் என்ன தொடர்பு என்று தமிழர் திகைக்க வேண்டியதில்லை. நம் 'வெளி'யும் இதே பாதையில் நடந்ததுதான். விண்வெளியும் வெளி, வீட்டுக்கு வெளியேயும் வெளி. அங்கே வந்து நின்றது வெளிப்பட்டது, அச்சாகி வந்தது வெளியானது.

பின்னியத்துக்கு வெளியே உள்ள உறவினர்களைப் பார்த்தால்தான் கதை சூடுபிடிக்கிறது. வட ஸ்கண்டிநேவியாவின் சாமி மக்களிடம் இதே சொல் 'அல்ப்மி'. பொருள் வானம். வோல்கா நதிக்குக் கிழக்கே, வியாத்கா, காமா ஆறுகளை ஒட்டி வாழும் உட்முர்த்து மக்களிடம் 'இன்'. பொருள் வானம். அவர்களுக்கு வடக்கே கோமி மக்களிடம் 'யென்'. பொருள் கடவுள், வானம் என்ற பொருளும் உண்டு. ஒரே வேரிலிருந்து வந்த சொல், தூரத்து உறவினரிடமெல்லாம் வானமாக நிற்கிறது. பின்னியத்திலும் எஸ்தோனியத்திலும் அது இறங்கிக் காற்றும் வானிலையும் ஆகிவிட்டது.

காரணம், வானத்துக்கு வேறொரு சொல் வந்து குடியேறிவிட்டது. இன்று பின்னியத்தில் வானம் 'தைவஸ்', எஸ்தோனியத்தில் 'தாஎவஸ்'. ஓசையைக் கேட்டாலே பிடிபடும்: இது 'தேவ' என்ற இந்தோ-ஐரோப்பியச் சொல். இந்தோ-ஈரானியரிடமிருந்து வாங்கினார்களா, பக்கத்து பால்டிக் மக்களிடமிருந்து வாங்கினார்களா என்பதில் அறிஞர்களிடையே இரண்டு கட்சி உண்டு. கடன் வாங்கிய சொல் என்பதில் கருத்து வேறுபாடில்லை. வந்த சொல் மேல்தளத்தைப் பிடித்துக்கொண்டது. இருந்த சொல் கீழ்த்தளத்துக்கு இறங்கியது. ஆகவே இல்மரினன் என்ற பெயர் உருவான காலத்தில் 'இல்மா'வுக்குள் வானம் முழுவதும் இருந்திருக்கலாம். அப்படியானால் பெயரின் பொருள் 'காற்றுக்காரன்' என்பதைவிட 'வானத்தவன்' என்பதற்கு நெருங்கியது.

ஒரு மெய்யெழுத்தின் வழக்கு

உட்முர்த்து மக்களின் தலைமைத் தெய்வத்துக்கு 'இன்மர்' என்று பெயர். படைத்தவன், வானத்தில் இருப்பவன். கிறித்துவம் வந்தபிறகு கிறித்துவக் கடவுளையும் அவர்கள் அதே பெயரால்தான் அழைத்தார்கள். இல்மரி, இன்மர் என்ற இரண்டு பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எவருக்கும் கை துறுதுறுக்கும்.

வழக்கு முழுவதும் நடுவிலுள்ள 'ம்' யாருடையது என்பதில் இருக்கிறது. 'இன்' என்பது வானம் என்றால், மிச்சமுள்ள 'மர்' என்ன? அதை மனிதன் என்று பொருள்படும் 'முர்த்' என்ற சொல்லோடு சேர்த்து 'வான மனிதன்' என்று படித்தவர்கள் உண்டு. அது சரியென்றால் இன்மருக்கும் இல்மரிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வானம் என்ற முதல்பாதி மட்டுமே பொது. ஆனால் 'இன்' என்ற சொல்லோடு வேற்றுமை உருபு சேரும்போது மறைந்திருந்த ஒரு 'ம்' தலைகாட்டுகிறது: அடிச்சொல் 'இன்ம்'. கோமியிலும் இப்படியே, 'யென்' உருபேற்றால் 'யென்ம்'. பழைய 'ல்ம்' என்ற மெய்ம்மயக்கம் இந்த மொழிகளில் 'ன்ம்' ஆகிப் பிறகு சொல்லிறுதியில் 'ம்' உதிர்ந்ததன் தடயம் அது. அப்படியானால் இன்மரைப் பிரிக்க வேண்டிய விதம் 'இன்ம்-அர்'. பின்னியத்தின் 'இல்ம-ரி'யோடு அச்சாகப் பொருந்தும்.

இந்த இரண்டாவது பிரிப்பு நிலைக்குமானால், பின்னியரின் முன்னோரும் உட்முர்த்துகளின் முன்னோரும் ஒன்றாக இருந்த காலத்திலேயே இந்தத் தெய்வப் பெயர் இருந்தது என்றாகும். அவர்கள் பிரிந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகின்றன. நிலைக்காவிட்டால், ஒரே சொல்லிலிருந்து இரண்டு இடங்களில் தனித்தனியாக இரண்டு வானத் தெய்வங்கள் முளைத்தார்கள் என்றாகும். எப்படிப் பார்த்தாலும் இந்தச் சொல்லிலிருந்து வானத் தெய்வம் பிறப்பது இயல்பு என்பது மட்டும் உறுதி.

நீதிமன்றத்தில் ஒரு மேளம்

அடுத்த சாட்சி நார்வேயின் வடகோடியில், வாட்சோ என்ற ஊரின் நீதிமன்றப் பதிவில் இருக்கிறது. 1692-இல் ஆண்டெர்ஸ் பவுல்சென் என்ற சாமி பூசாரியைச் சூனியக் குற்றம் சாட்டி அங்கே நிறுத்தினார்கள். அவருடைய மேளத்தின் தோலில் சிவப்புச் சாயத்தால் வரைந்த உருவங்கள் வரிசை வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் யார், என்ன செய்யும் என்று விசாரணையில் அவர் விளக்கினார்; எழுத்தர் எழுதிக்கொண்டார். தீர்ப்புக்குக் காத்திருந்த நிலையில் அவர் கொல்லப்பட்டார். மேளம் கோப்பன்ஹேகனுக்குப் போயிற்று. பிற்காலத்தில் காரஷோக் சாமி அருங்காட்சியகத்துக்கு இரவலாக வந்து, 2022-இல்தான் முறைப்படி சாமி மக்களின் உடைமையாயிற்று.

அந்த உருவங்களில் ஒன்றின் பெயர் 'இல்மரிஸ்'. புயலையும் கெட்ட வானிலையையும் கிளப்புபவன் என்று பவுல்சென் சொன்னார். சம்மட்டி பற்றியோ உலை பற்றியோ பேச்சே இல்லை.

பெயரின் முதலெழுத்து இன்னொரு தகவலையும் தருகிறது. சாமி மொழியில் இந்தச் சொல் வழிவழியாக வந்திருந்தால் 'அல்ப்மி'யைப் போல அகரத்தில் தொடங்க வேண்டும். இல்மரிஸ் இகரத்தில் தொடங்குகிறது. ஆகவே இது பின்னியம் பேசியவர்களிடமிருந்து வாங்கிய பெயர். அதாவது, சாமிகள் இந்தப் பெயரைக் கேட்டு வாங்கிய காலத்தில், பின்னியம் பேசியவர்களிடையே இல்மரி புயல் கிளப்பும் தெய்வமாக இருந்தான். கொல்லனை வாங்கிப் புயல் தெய்வமாக மாற்றிக்கொள்ள சாமிகளுக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

1551: ஒரே தாளில் இரண்டு வானிலைத் தெய்வங்கள்

பின்னிய மொழிக்கு எழுத்து வடிவம் கொடுத்தவர் மிக்கேல் அக்ரிகோலா. விட்டன்பெர்க்கில் படித்துத் திரும்பிய லூத்தரன் பாதிரியார், பின்னாளில் துர்க்கு நகரின் ஆயர். 1543-இல் அரிச்சுவடி, 1548-இல் புதிய ஏற்பாடு, 1551-இல் சங்கீதப் புத்தகம் என்று அடுத்தடுத்து அச்சிட்டார். அந்தச் சங்கீதப் புத்தகத்தின் செய்யுள் முன்னுரையில், நம் ஜனங்கள் இப்படியெல்லாம் பொய்த் தேவர்களைக் கும்பிட்டார்களே என்று கடிந்துகொண்டு ஒரு பட்டியல் தந்தார். திட்டுவதற்காக எழுதிய அந்தப் பட்டியல்தான் பின்னியரின் பழைய தெய்வங்களைப் பற்றி நம்மிடம் உள்ள மிகப் பழைய தொகுப்பு.

அக்ரிகோலா தெய்வங்களை இரண்டு வரிசையாகப் பிரித்தார்: மேற்கே ஹாமே நாட்டாருடையவை, கிழக்கே கரேலியருடையவை. ஹாமே வரிசையில் காட்டு விலங்கு தரும் தப்பியோ வருகிறார், நீரிலிருந்து மீன் தரும் அஹ்தி வருகிறார், நம் இல்மரினனும் வருகிறான். அவனுக்கு அங்கே கொடுத்த வேலை: அமைதியும் வானிலையும் உண்டாக்குவது, வழிப்போக்கர்களை நல்லபடியாகக் கொண்டுசேர்ப்பது. படகும் பனிச்சறுக்கும்தான் போக்குவரத்து என்றிருந்த நாட்டில் வழிப்பயணம் வானிலையின் தயவில் நடப்பது. காற்று அடங்க வேண்டும், அல்லது வேண்டிய திசையில் வீச வேண்டும். இரண்டுக்கும் ஒரே ஆளிடம் விண்ணப்பம்.

கரேலிய வரிசைக்குப் போனால் வானிலைக்கு வேறு ஆள் இருக்கிறார். அவர் பெயர் உக்கோ. பொருள் கிழவன், பெரியவர். வசந்த விதைப்பின்போது உக்கோவுக்காக விருந்து வைத்து, மரப்பெட்டியில் படையல் எடுத்து, பெண்கள் உட்பட எல்லோரும் குடித்தார்கள் என்று அக்ரிகோலா முகம் சுளிக்கிறார். உக்கோவின் மனைவி ரௌனி ஏச, வானம் உறும, மழையும் விளைச்சலும் வந்தனவாம். இன்றும் பின்னியத்தில் இடிக்கு 'உக்கோனென்' என்றுதான் பெயர். கிழவனோடு அதே 'னென்' விகுதி.

ஆக 1551-இல் மேற்கே வானம் இல்மரினன் கையில், கிழக்கே உக்கோ கையில். இதை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த நூற்றாண்டுகளுக்குப் போனால் ஒரு பெரிய முடிச்சு தளர்கிறது. கலேவலாவுக்கு அடிப்படையான நீண்ட கதைப்பாடல்கள் பெரும்பாலும் கிடைத்தது கரேலியாவில். மாவட்ட மருத்துவராக இருந்த எலியாஸ் லொன்ரோத் 1834-இல் லத்வயார்வி என்ற சிற்றூரில் அர்ஹிப்பா பெர்த்துனென் என்ற பெரும் பாடகரைச் சந்தித்துப் பாட்டுகளை எழுதிக்கொண்டது அந்த வட்டாரத்தில்தான். அது உக்கோவின் நாடு. மழை, இடி, விளைச்சல் எல்லாவற்றையும் ஒரு பெரியவர் எடுத்துக்கொண்ட ஊரில், அதே வேலைக்குப் பேர்போன இன்னொருவனுக்கு என்ன மிஞ்சும்? பெயர் மிஞ்சும், தொழிலைப் புதிதாகத் தேட வேண்டியதுதான். மேற்கே ஹாமேயிலோ பாட்டு மரபை லூத்தரன் திருச்சபை சீக்கிரமே ஒடுக்கிவிட்டது. அங்கே இல்மரினன் வானிலைக்காரனாகவே இருந்த பாட்டுகள் இருந்திருந்தாலும் எழுதிவைக்க ஆள் வருமுன் போய்விட்டன. இது என் ஊகம். பட்டியல் தரும் நில எல்லையோடு பொருந்தும் ஊகம்.

அக்ரிகோலாவின் பட்டியலில் இன்னொரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது. அதில் சம்மட்டி வேலை செய்பவர் ஒருவர் உண்டு. அவர் இல்மரினன் இல்லை, வைனாமொயினன். கலேவலாவில் பாட்டாலேயே எதிரியைச் சேற்றில் அமிழ்த்தும் அந்த முதுபெரும் பாடகன், அக்ரிகோலாவின் கணக்கில் பாடல்களை 'அடித்து' உருவாக்குபவர். இரும்பை அடிப்பதற்கான 'தகோ' என்ற வினையையே அங்கே பாட்டுக்கு எழுதியிருக்கிறார். அந்த வழக்குக்கு இன்றும் உயிர் இருக்கிறது. கவிஞனைப் பின்னியத்தில் 'ருனொசெப்பா', பாட்டுக் கொல்லன் என்பார்கள். தச்சன் 'பூசெப்பா', மரக் கொல்லன். கடிகாரம் பழுது பார்ப்பவர் 'கெல்லொசெப்பா'. கைத்திறனுள்ள யாரும் 'செப்பா'தான். ஆகவே ஒரு தெய்வத்தைக் கொல்லன் என்று அழைப்பது முதலில் சாதனையாளன் என்ற பாராட்டாக இருந்து, பிறகு உண்மையான உலைக்களமாக மாறியிருக்கவும் கூடும்.

வானத்தை அடித்தவன்

மேலிருந்து கீழே இறங்கியவன் நேராக உலைக்களத்தில் வந்து விழவில்லை. நடுவே படிகள் உண்டு.

முதல் படி வானமே. இல்மரினன் செய்தவற்றில் மிகப் பெரியது வானத்தின் மூடி என்று பாட்டுகள் சொல்கின்றன. விண்மீன்கள் பதித்த அந்தச் சித்திர மூடியில் சம்மட்டி பட்ட தழும்போ இடுக்கி பிடித்த அடையாளமோ தெரியாதாம். சம்போவைச் செய்யக்கூடியவன் யார் என்று தேடும்போது, வானத்தை அடித்தவனைவிடத் தகுதியானவன் யார் என்று இந்தச் செயலைத்தான் சான்றாகக் காட்டுகிறார்கள். சம்போவுக்கும் 'சித்திர மூடி' என்ற அதே அடைமொழி உண்டு. வானத்துக்கு உடையவனாக இருந்தவன் வானத்தைச் செய்தவனாக ஆவது ஒரே ஒரு எட்டுதான்.

இரண்டாவது படி நெருப்பு. நெருப்பின் பிறப்பைச் சொல்லும் மந்திரப் பாட்டுகளில் வைனாமொயினனும் இல்மரினனும் வானத்து உச்சியில் பொறி தட்டுகிறார்கள். பொறி அடுக்கடுக்கான வானங்களைத் துளைத்துக்கொண்டு ஏரியில் விழுகிறது, மீன் விழுங்குகிறது, அதன் வயிற்றிலிருந்து மனிதன் நெருப்பை எடுக்கிறான். வானத்தில் தட்டிய பொறி மின்னலேதான். மின்னல் தட்டுபவனையும் சிக்கிமுக்கி தட்டுபவனையும் ஒரே ஆளாக்குவது பாட்டுக்குக் கடினமில்லை.

மூன்றாவது படி இரும்பு. தீக்காயத்துக்கு நெருப்பின் பிறப்பைப் பாடுவது போல, கத்திக் காயத்துக்கு இரும்பின் பிறப்பைப் பாடி ஓதுவார்கள். ஒன்றின் பிறப்பை அறிந்தவனுக்கு அது அடங்கும் என்பது பின்னியரின் நம்பிக்கை. வானத்துக் கன்னிகள் மூவர் மேகத்தின் விளிம்பில் நடந்து மார்பிலிருந்து பாலைப் பீய்ச்சினார்கள்: கறுத்த பால் மெல்லிரும்பு ஆயிற்று, வெள்ளைப் பால் எஃகு ஆயிற்று, சிவந்த பால் நொறுங்கும் இரும்பு ஆயிற்று. நெருப்புக்குப் பயந்து இரும்பு சதுப்பில் ஒளிந்தது. ஓநாயும் கரடியும் மிதித்த தடத்தில் அதைக் கண்டெடுத்தவன் இல்மரினன். இந்தச் சதுப்பு வெறும் கற்பனை இல்லை. பின்லாந்தின் பழைய கொல்லர்களுக்கு இரும்புத்தாது கிடைத்தது சதுப்பு நிலத்திலும் ஏரியடியிலும்தான். எஃகைத் தோய்க்கும் நீருக்குத் தேன் கொண்டுவரத் தேனீயை அனுப்ப, அதை ஒட்டுக்கேட்ட குளவி விஷத்தைக் கொண்டுவந்து கொட்டியதால் இரும்பு தன் சத்தியத்தை மறந்து மனிதனை வெட்டத் தொடங்கியதாம். இந்தப் பாட்டில் இல்மரினன் முழுக் கொல்லன். ஆனால் அவன் அடிக்கும் பொருள் இன்னும் வானத்திலிருந்து வந்ததாகவே இருக்கிறது.

கலேவலாவின் பத்தாவது பாட்டில் பழைய உத்தியோகம் ஒருமுறை எட்டிப்பார்க்கிறது. சம்போவுக்காக உலை மூட்டிய இல்மரினன் முதலில் அடிமைகளை வைத்துத் துருத்தி ஊதச் சொல்கிறான். உலையிலிருந்து வில் வருகிறது, படகு வருகிறது, பசு வருகிறது, கலப்பை வருகிறது. எல்லாவற்றிலும் ஏதோ ஒரு கோளாறு, எல்லாவற்றையும் உடைத்து மறுபடி உலையில் போடுகிறான். கடைசியில் காற்றுகளையே ஊத வைக்கிறான். நாலா திசைக் காற்றும் மூன்று நாள் வீச, சம்போ பிறக்கிறது. கொல்லனுக்குத் துருத்தி ஊதக் காற்றுகள் வந்து நிற்கின்றன என்றால், அந்தக் கொல்லன் முன்பு யார் என்று கேட்கத் தோன்றுகிறது. அதே பாட்டின் தொடக்கத்தில் வைனாமொயினன் அவனை ஏமாற்றி ஒரு மரத்தில் ஏறச் செய்து, சூறாவளியைப் பாடி வரவழைத்து, வடநாட்டுக்குப் பறக்கவிட்டிருக்கிறான். காற்றுக்கு அதிபதியாக இருந்தவனைக் காற்றாலேயே தூக்கி எறிகிறார்கள்.

அவன் கையிலுள்ள 'வசரா' என்ற சம்மட்டியும் இதே பாதையில் வந்ததுதான். அது பின்னியரின் சொந்தச் சொல் இல்லை. பழைய இந்தோ-ஈரானியரிடமிருந்து வாங்கியது. வடமொழியில் 'வஜ்ர', நமக்கு வச்சிரம். இந்திரன் கையில் இடியாக இருந்த ஆயுதம் பின்லாந்தில் பட்டறைச் சாமான் ஆயிற்று. இடியாயுதமாகவே வாங்கி இறக்கினார்களா, வாங்கும்போதே கைக்கருவியாகத்தான் இருந்ததா என்பது தனி ஆராய்ச்சி. எப்படியானாலும் 'தேவ' என்ற சொல் வந்து 'இல்மா'வை வானத்திலிருந்து இறக்க, 'வஜ்ர' என்ற சொல் இறங்கிவந்த இல்மரினன் கையில் சேர்ந்தது.

லொன்ரோத்தும் அதற்குப் பிறகும்

1835-இல் வந்த முதல் கலேவலா 32 பாட்டுகளும் பன்னிரண்டாயிரம் அடிகளும் கொண்டது. 1849-இல் வந்த விரிவான பதிப்பில் 50 பாட்டுகள், 22,795 அடிகள். இரண்டாம் பதிப்பில் லொன்ரோத் 'இல்மா'வுக்கு ஒரு புதுப் பதவி கொடுத்தார். வாய்மொழிப் பாட்டுகளில் கடலில் மிதக்கும் வைனாமொயினனின் முழங்காலில் பறவை முட்டையிட, உடைந்த முட்டையிலிருந்து உலகம் உண்டாகிறது. முதல் பதிப்பும் அப்படித்தான். 1849-இல் அந்த முழங்கால் காற்றின் மகளுடையது ஆயிற்று: 'இல்மத்தர்'. மகள் என்பதைக் குறிக்கும் 'தர்' விகுதி சேர்ந்த பெயர். அவள் வைனாமொயினனுக்குத் தாய் ஆனாள். வானம் என்ற பொருளை இழந்து காற்றாக இறங்கியிருந்த சொல் மறுபடி படைப்பின் தொடக்கத்தில் போய் உட்கார்ந்தது. இல்மரினனுக்கு மட்டும் பதவி உயர்வு கிடைக்கவில்லை. அவன் கொல்லனாகவே அச்சில் உறைந்தான்.

அச்சில் உறைந்தபின் அந்தப் பெயருக்கு ஓய்வில்லை. 1893-இல் ஓவியர் அக்ஸெலி கல்லென்-கல்லேலா சம்போவின் உலைக்களத்தைப் பெரிய ஓவியமாகத் தீட்டினார். 1900-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியின் பின்லாந்து அரங்கில், பாம்பு நெளியும் வயலை இல்மரினன் உழும் காட்சியைக் கூரையில் வரைந்தார். ரஷ்யப் பேரரசின் பிடி இறுகிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பாம்புகள் யார் என்று பார்த்தவர்களுக்குப் புரிந்தது. ஹெல்சிங்கி தேசிய அருங்காட்சியகத்தின் கூரையில் 1928-இல் அதை மீண்டும் வரைந்தார்.

சுதந்திர பின்லாந்து தன் இரண்டு பெரிய போர்க்கப்பல்களுக்கு வைனாமொயினன், இல்மரினன் என்று பெயர் வைத்தது. 1941 செப்டம்பர் 13-ஆம் தேதி இல்மரினன் கண்ணிவெடியில் சிக்கி மூழ்கியது. 271 பேர் இறந்தார்கள். பின்லாந்துக் கடற்படை ஒரே அடியில் இத்தனை பேரை வேறெப்போதும் இழந்ததில்லை. 1961-இல் தொடங்கிய ஓய்வூதியக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கும் இதே பெயர். உழைப்பாளிகளின் சேமிப்புக்குக் கொல்லன் பெயர் பொருத்தம் என்று யாருக்கும் தோன்றும். ஆண்களுக்கு இல்மரி என்று பெயர் வைப்பது சர்வ சாதாரணமாயிற்று. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றவர் இல்மரி சல்மினென். நாற்காலி வடிவமைப்பில் உலகப் புகழ் பெற்ற இல்மரி தப்பியோவாராவின் பெயரில் இரண்டு பழைய தெய்வங்கள் சேர்ந்தே இருக்கிறார்கள்: முன்பாதியில் வானத்தவன், பின்பாதியில் காட்டரசன் தப்பியோ.

பின்னியத்தில் கடவுளைக் குறிக்கும் பொதுச்சொல் 'யுமலா'. அதுவும் பழைய வானத் தெய்வம்தான் என்பதற்கு, பின்னியத்துக்கு உறவான மாரி மொழியின் 'யுமோ' சாட்சி. அங்கே கடவுளும் வானமும் அந்தச் சொல்லில் ஒன்று. மதம் மாறியபோது திருச்சபை யுமலாவை எடுத்துக் கிறித்துவக் கடவுளுக்குச் சூட்டியது. உட்முர்த்துகளிடம் இன்மருக்குக் கிடைத்த அதே சிம்மாசனம் பின்லாந்தில் யுமலாவுக்குப் போயிற்று. இல்மரினனுக்குக் கிடைத்தது கதை.

இனி வழக்கை முடிக்கலாம். இல்மரினன் கொல்லனாகிய தெய்வமா, தெய்வமாகிய கொல்லனா? கொல்லன் பக்கம் சாட்சிகள் ஏராளம். பதிவான பாட்டுகளில் பெரும்பாலானவை அந்தப் பக்கம் நிற்கின்றன. வானத்தின் பக்கம் மூன்றே மூன்று. அவற்றிலும் இன்மர் கொஞ்சம் தள்ளாடும் சாட்சி. ஆனால் அக்ரிகோலாவும் பவுல்சென்னும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஒருவர் தெய்வத்தைத் திட்ட எழுதினார், மற்றவர் உயிருக்குப் போராடிக்கொண்டு பேசினார். இருவரும் சொன்னது ஒன்றே. கலேவலாவுக்கு 284 ஆண்டு முந்தியது அக்ரிகோலாவின் சொல். எல்லாவற்றுக்கும் மேலே பெயர் இருக்கிறது. வானத்துக்கு உடையவன் நெருப்பு தட்டி, வானத்தை அடித்து, இரும்புக்கு இறங்கி வந்தான் என்று படிப்படியாகச் சொல்லிவிடலாம். முதலிலிருந்தே கொல்லனாக இருந்தவனுக்கு அவன் இனத்தார் ஏன் காற்றின் பெயரை வைத்தார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல வழியில்லை. தொழிலை வைத்துப் பெயரை விளக்க முடியவில்லை. பெயரை வைத்துத் தொழிலை விளக்க முடிகிறது. தீர்ப்பு வானத்தின் பக்கம்.